டான்ஸ் கேப்டன் வேலை: தொடக்கக் காட்சிக்குப் பிறகு நடனத்தைக் காப்பாற்றுவது எப்படி

நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ஒரு மியூசிக்கல் (பாட்டும் நடனமும் கலந்த நாடகம்) தொடக்கக் காட்சியைத் தாண்டியதும் அதன் நடன இயக்குநர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நாடகம் அங்கேயே இருக்கும். வாரத்துக்கு 8 காட்சிகள், கூட்டம் வந்தால் ஆண்டுக்கணக்கில். அத்தனை நாளும் அவர் அமைத்த நடனம் மாறாமல் பார்த்துக்கொள்பவர்தான் டான்ஸ் கேப்டன். ‘எ கோரஸ் லைன்’ 1975 முதல் 1990 வரை 6,137 முறை மேடையேறியது. அதை உருவாக்கிய மைக்கேல் பென்னட் 1987-இல் காலமானார். நடனம் அதன் பிறகும் அப்படியே ஆடப்பட்டது. அந்த முதல் குழுவில் ஆடியபடியே டான்ஸ் கேப்டனாகவும் இருந்த பேயார்க் லீதான் 2006-இல் அது மீண்டும் பிராட்வேக்கு வந்தபோது நடனத்தை மீட்டு அமைத்தார். இந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

நம் சினிமாவில் டான்ஸ் மாஸ்டரின் அசிஸ்டென்ட்டுகள் குரூப்புக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுப்பார்கள். ஷாட் ஓகே ஆனதும் அந்த வேலை முடிந்தது. மேடையில் ‘ஓகே’ என்ற ஒன்றே கிடையாது. இன்று இரவு சரியாக ஆடியதை நாளை மதியமும் ஆட வேண்டும். நாளை மதியம் இரண்டு பேர் வராமலும் போகலாம். அப்போதும் ஆட வேண்டும்.

டான்ஸ் கேப்டனைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் நடன இயக்குநர். நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் உறுப்பினராக, குழுவில் ஒருவராக இருந்துகொண்டே, தனி வாரப்படி வாங்கி இந்த வேலையைச் செய்வார். சிலர் என்செம்பிளில், அதாவது கூட்டமாக ஆடிப் பாடும் குழுவில், தினமும் ஆடுபவர்கள். சிலர் ஸ்விங், அதாவது தனக்கென்று நிரந்தர இடம் இல்லாமல், யார் வராவிட்டாலும் அவர் இடத்தில் ஏறத் தயாராக இருப்பவர். தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஸ்விங்கையே கேப்டனாக்குங்கள். மேடையில் ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் வரிசை கோணுவது தெரியாது. ஆடுபவர்தான் கேப்டன் என்றால், சீரான இடைவெளியில் அவர் இடத்துக்கு ஒரு ஸ்விங்கை ஏற்றிவிட்டு, அவர் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து முழுக் காட்சியையும் பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டும். அதை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு வாங்குவது நல்லது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேப்டன் இரண்டாவது நடன இயக்குநர் அல்ல. ஒரு ஸ்டெப் உங்களுக்குப் பிடிக்கவில்லை, இதைவிட நல்லது தோன்றுகிறது என்றாலும் கை வைக்கக் கூடாது. பாதுகாப்புக்காக மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். அன்றே நடன இயக்குநருக்கும் அவருடைய அசோசியேட்டுக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

ஒத்திகை அறையில் எழுதத் தொடங்குங்கள்

முதல் நாளே எழுத ஆரம்பிக்க வேண்டும். ஒத்திகையில் ஒரே பகுதி நாலு விதமாக மாறும். மாறிய பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள். மேலே தேதி போட்டு, குறுக்குக் கோடு இழுத்து, கோப்பின் பின்பக்கத்தில் வையுங்கள். முன்னோட்டக் காட்சிகள் நடக்கும்போது, “போன செவ்வாய்க்கிழமை வைத்திருந்தோமே, அதற்கே போய்விடலாம்” என்று நடன இயக்குநர் சொல்லும் நாள் கட்டாயம் வரும். விமர்சகர்கள் வருவதற்குமுன் காட்சியை ‘ஃப்ரீஸ்’ செய்வார்கள். அதன்பின் மாற்றம் இல்லை. அதுவரை பென்சில், அதற்குப் பிறகு மை.

நடனத்தைக் குறியீடுகளால் எழுத லாபன் முறை இருக்கிறது. ‘கிஸ் மி, கேட்’ மியூசிக்கலுக்கு ஹான்யா ஹோல்ம் அமைத்த நடனம் அந்த முறையில் எழுதப்பட்டுத்தான் 1952-இல் அமெரிக்காவில் பதிப்புரிமை பெற்றது. ஆனால் தினசரி வேலைக்கு அது மெதுவானது. அவசரத்துக்கு ஓடி வரும் ஸ்விங்குக்கு அதைப் படிக்கத் தெரியாமலும் போகலாம். கவுண்ட் (தாள எண்ணிக்கை), பாட்டு வரி, மேடை எண், எளிய சொற்கள் என்ற நான்கும் போதும்.

மேடை எண் என்பது மேடையின் முன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண் வரிசை. நடுப்புள்ளி பூஜ்யம். அங்கிருந்து இரு பக்கமும் இரண்டு இரண்டு அடிக்கு 2, 4, 6, 8 என்று போகும். ரைட், லெஃப்ட் எல்லாம் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலமும் இடமும்தான். ஆழத்துக்கு விங்குகளே (மேடையின் இரு பக்கமும் உள்ள மறைப்பு வழிகள்) அளவு: முதல் விங்குக்கு நேர், இரண்டாவது விங்குக்கு நேர் என்று குறிக்கலாம். ஆகவே ‘லெஃப்ட் 6, இரண்டாம் விங்’ என்றால் மேடையில் ஒரே ஒரு இடம்தான். ஒத்திகை அறைத் தரையிலும் இதே எண்களை டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஆளைப் பார்த்து இடம் பிடிக்கப் பழகிய குழு, அந்த ஆள் வராத நாளில் மொத்தமாக நகர்ந்துவிடும். எண்ணைப் பார்த்துப் பழகிய குழு நகராது.

ஒரு ஃபார்மேஷனுக்கு (குழு நிற்கும் அமைப்புக்கு) ஒரு பக்கம் என்று வையுங்கள். பக்கத்தின் மேலே பாட்டு வரியும், எத்தனையாவது எட்டு (எட்டுக் கவுண்ட் சேர்ந்த தொகுதி), எந்தக் கவுண்ட் என்பதும். நடுவில் மேடைப் படம். அதில் ஆட்களுக்குப் பதில் டிராக் எழுத்துகள். டிராக் என்றால் காட்சி முழுவதும் ஒருவர் செய்யும் பங்கு; ஏ, பி, சி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஆள் பெயர் எழுதாதீர்கள், ஆள் மாறுவார். நாலு நிமிடப் பாட்டுக்கு 30, 40 பக்கம் ஆனாலும் தயங்க வேண்டாம். ஐபேடில் இதற்கென்றே செயலிகள் உண்டு. கட்டம் போட்ட நோட்டும் போதும்.

இங்கே பலரும் விடும் பிழை ஒன்று: புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் வரைந்துவிட்டு, நடுவழியை விட்டுவிடுவார்கள். மேடையில் மோதல் நடப்பது அந்த நடுவழியில்தான். இருவருக்கும் தாங்கள் எங்கே போக வேண்டும் என்று தெரியும். யார் முன்னால் கடப்பது, யார் பின்னால் என்பது தெரியாது. அதனால் டிராக் தாளில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

“டிராக் ஈ. 3-ஆம் எட்டு, கவுண்ட் 5 முதல் 8. லெஃப்ட் 6-இலிருந்து ரைட் 4. வலது காலில் புறப்பாடு. சி-க்கு முன்னால், ஜி-க்குப் பின்னால் கடக்கவும். தொப்பி இடது கையில், இடுப்புக்குக் கீழே. 8-இல் தலை லெஃப்ட்.”

டிராக் என்பது ஸ்டெப் மட்டும் இல்லை. ஒரு ஆள் அரங்குக்குள் வந்ததிலிருந்து போகும் வரை செய்யும் எல்லாமும் அதில் அடங்கும். எந்தப் பெஞ்சைத் தள்ளுகிறார், எந்த விங்கில் யாரிடம் கைத்தடியை வாங்குகிறார், எந்தப் பக்கத்தில் உடை மாற்றுகிறார், அதற்கு எத்தனை விநாடி, கோரஸில் எந்தக் குரல், எந்த ஒற்றை வசனம். ஸ்விங் ஏறும் நாளில் தவறுவது பெரும்பாலும் ஸ்டெப் இல்லை, பெஞ்சும் கைத்தடியும்தான். ஆடும்போது எல்லார் கண்ணும் பக்கத்தில் இருக்கும், இழுத்து நிறுத்தவும் ஆள் இருக்கும். திரைக்குப் பின்னால் இருட்டில் அவர் தனியாக இருப்பார்.

வீடியோ உதவும், ஆனால் அதையே மூலப்பிரதி ஆக்கிவிடாதீர்கள். கேமரா ஒரே இடத்தில் இருப்பதால் ஆழம் தெரியாது, பின்வரிசை மறையும். அன்று ஒருவர் செய்த தவறும் விதியாகப் பதிந்துவிடும். செல்போனின் முன்கேமராவில் எடுத்தால் சில சமயம் இடமும் வலமும் மாறியே பதிவாகும். பதிவு செய்யச் சங்க விதிகள் உண்டு; ஸ்டேஜ் மேனேஜர் சம்மதமில்லாமல் எடுக்கவே கூடாது.

அறையிலிருந்து மேடைக்குப் போகும் வாரத்தில் உங்கள் பக்கங்களில் கணிசமான பகுதி பொய்யாகிவிடும். செட்டின் படிக்கட்டு நாம் நினைத்ததைவிட அகலமாக இருக்கும், விங்கில் விளக்குக் கம்பம் நிற்கும், பாவாடை இரண்டு அடி இடத்தை விழுங்கும். மேடை சரிவாக இருந்தால் சுழற்சிகள் எல்லாம் முன்பக்கம் இழுபடும். இந்த வாரம் தூக்கம் குறையும். ஆனாலும் அன்றன்றைய மாற்றத்தை அன்று இரவே ஏற்றிவிடுங்கள். மூன்று நாள் தள்ளினால் எது கடைசி என்று யாருக்கும் நினைவிருக்காது.

காட்சி நாள்

திரை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ‘ஹாஃப் அவர்’ அழைப்பு. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கேப்டன் அதற்கு வெகுமுன்பே வந்து கையெழுத்துத் தாளையும் ஸ்டேஜ் மேனேஜரையும் பார்த்துவிடுவார். அன்று யார் இல்லை, யாருக்கு முழங்கால் வலி, யார் ஆடுவார் ஆனால் குதிக்க மாட்டார் என்பதெல்லாம் அப்போதே தெரிய வேண்டும்.

ஆளைத் தூக்கும் அசைவு எதுவாக இருந்தாலும் காட்சிக்கு முன் ‘லிஃப்ட் கால்’, அதாவது அதை மட்டும் செய்து பார்க்கும் ஒத்திகை அழைப்பு, வேண்டும். அதே ஜோடி நேற்று நூறாவது முறையாகச் செய்திருந்தாலும் இன்று மேடையில், இதே செருப்போடு, ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வேகத்திலும் செய்து பார்க்க வேண்டும். ஸ்விங் ஏறுகிறார் என்றால் மூன்றாவது முறையும். தூக்குபவருக்கோ தூக்கப்படுபவருக்கோ சந்தேகம் இருந்தால் அன்று அந்த லிஃப்ட் கிடையாது. அதற்குப் பதில் செய்ய வேண்டிய எளிய அசைவை முன்கூட்டியே நடன இயக்குநரிடம் கேட்டு எழுதி வைத்திருங்கள். அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கக் கூடாது.

காட்சியைப் பார்க்கும்போது ஒரே இடத்தில் உட்காராதீர்கள். மாடியிலிருந்து பார்த்தால் ஃபார்மேஷன் தெரியும், கீழே நடுவில் கோடு தெரியும், ஓரத்தில் உட்கார்ந்தால் யார் யாரை மறைக்கிறார் என்பது தெரியும். எல்லாவற்றையும் ஒரே இரவில் பார்க்க முயலவும் வேண்டாம். இன்று கைகள், நாளை கோடுகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நடனம் ஏன் கலைகிறது

பல மாதம் ஓடும் நடனம் தானாகவே உருமாறும். சோம்பல் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் காரணம் ஆடுபவரிடமே இருக்காது. ஒரே திருத்தத்தை ஒருவருக்கு மூன்றாவது முறை சொல்ல வேண்டி வந்தால், சொல்வதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

வேகம் முதல் சந்தேகம். இசை நேரடியாக வாசிக்கப்படும் அரங்கில் இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் கை நாளுக்கு நாள் சற்றே மாறும். தொடக்கக் காட்சியில் ஒவ்வொரு பாட்டும் நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) வைத்துக் குறித்திருக்க வேண்டும். 132 இருந்தது 138 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு எட்டுக்குக் குறைவது ஏறக்குறைய 0.16 விநாடிதான். 20 எட்டுகளில் அது 3 விநாடிக்கு மேல். நடப்பதையும் கையசைப்பதையும் அதற்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம். குதித்து இறங்கும் நேரத்தைச் சுருக்க முடியாது. ஒரே உயரம் குதித்தால் காற்றில் இருக்கும் நேரமும் ஒன்றுதான். ஆகவே எல்லாரும் தாழக் குதிக்கத் தொடங்குவார்கள், இரட்டைச் சுழற்சி ஒன்றரையாகும். அப்போது ஆடுபவர்களிடம் “உயரமாகக் குதியுங்கள்” என்று சொல்வது அநியாயம். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஜ் மேனேஜர் வழியாக இசைப் பக்கம் பேசுங்கள்.

வரிசையின் ஒரு முனை மட்டும் தாமதமாகிறதா? அந்தப் பக்கத்து ஃபோல்ட்பேக் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மேடைக்கு இசை திரும்பிக் கேட்பது அதில்தான். மொத்த வரிசையும் வாரா வாரம் முன்னால் ஊர்ந்து வருகிறதா? பெரும்பாலும் முன்வரிசையில் ஒருவர் விளக்கு வெளிச்சத்தைத் தேடி அரை அடி முன்னால் வந்திருப்பார். பின்னாலிருப்பவர்கள் இடைவெளியைக் காப்பாற்ற அவரைத் தொடர்ந்திருப்பார்கள். அந்த ஒருவரை விங் கோட்டுக்குத் திருப்பினால் எல்லாரும் திரும்புவார்கள். ஒருவரின் வலது கால் மட்டும் உயரவில்லையா? திருத்தம் சொல்வதற்கு முன் வலிக்கிறதா என்று கேளுங்கள், பிறகு பேண்ட்டின் தையலைக் கேளுங்கள்.

இன்னொரு வகைக் கலைவு கைதட்டலால் வருகிறது. ஒரு நாள் ஒரு தலைத்திருப்பலுக்குச் சிரிப்பு கிடைக்கும். மறுநாள் அது கொஞ்சம் பெரிதாகும். இரண்டு வாரத்தில் நடுவில் நிற்கும் பாடகியை யாரும் பார்க்க மாட்டார்கள். இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பழகிவிட்டால் பிடுங்குவது கஷ்டம்.

திருத்தம் சொல்வது

“நேற்று டல்லாக இருந்தது” என்பது திருத்தம் இல்லை. “இரண்டாவது எட்டில் உங்கள் தலை 7-இல் திரும்புகிறது, 8-இல் திரும்ப வேண்டும்” என்பது திருத்தம். கவுண்ட், இடம், உடலின் எந்தப் பகுதி என்ற மூன்றும் இருந்தால் கேட்பவர் உடனே சரிசெய்துவிடுவார், மனமும் நோகாது. நடன இயக்குநர் அந்த அசைவுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் நீண்ட நாள் மறக்க மாட்டார்.

ஹாஃப் அவருக்குப் பிறகு எதுவும் சொல்லக் கூடாது. இடைவேளையிலும் கூடாது. இன்று இரவே யாருக்காவது அடிபடும் என்ற நிலை மட்டும் விலக்கு. ஒருவருக்கு ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்து இருந்தால் ஆபத்தானது முதலில், பார்வையாளருக்குத் தெரிவது அடுத்தது, மற்றவை அடுத்த வாரம். தனிப்பட்டதைத் தனியாகச் சொல்லுங்கள். நட்சத்திர நடிகர்களுக்கு எப்படிச் சொல்வது, நேரிலா, எழுத்திலா, ஸ்டேஜ் மேனேஜர் வழியாகவா என்பதை ஒத்திகைக் காலத்திலேயே அவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் திருத்தம் சொல்வதை அனுமதிக்கவே கூடாது. ‘கேப்டனிடம் சொல்லுங்கள்’ என்ற ஒரே விதி குழுவைக் காப்பாற்றும்.

நீங்களும் அதே உடைமாற்றும் அறையில் உட்காருபவர், அதே ஆட்களோடு சாப்பிடுபவர். நேற்று உங்கள் தவறு இருந்திருந்தால் இன்றைய பட்டியலில் அதையும் உங்கள் டிராக் எழுத்தோடு போடுங்கள்.

ஆள் குறையும்போது

இதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. 2021 டிசம்பரில் ஒமிக்ரான் பரவியபோது பிராட்வேயில் பல காட்சிகள் நின்றன. நிற்காமல் நடந்தவை பெரும்பாலும் ஸ்விங்குகளாலும் கேப்டன்களின் தாள்களாலும் நடந்தன. அந்த நிலை சிறிய அளவில் எந்த வாரமும் வரும்.

என்செம்பிளில் 12 பேர், 6 ஜோடிகள் என்று வையுங்கள். ஆண் ஸ்விங் இருவர். பி காய்ச்சலில் இருக்கிறார், டி விடுப்பு, எஃப் மதியக் காட்சியில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். மூன்று ஓட்டை, இரண்டு ஆள். ஒருவரே இரண்டு டிராக்கின் பகுதிகளைச் சேர்த்து ஆடுவதை ஸ்பிளிட் டிராக் என்பார்கள். யாரை எங்கே போடுவது என்று தொடங்காதீர்கள். எதை விடவே முடியாது என்று தொடங்குங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் அந்தப் பட்டியல் முன்பே தயாராக இருக்க வேண்டும்: ஆளைத் தூக்குவது, செட்டை நகர்த்துவது, பொருளைக் கைமாற்றுவது, ஒற்றை வசனம், தனிக் குரல். அலங்காரமாக நிற்கும் இடங்கள் அதில் வராது.

பட்டியலைப் பார்த்தால் பி-க்கு இரண்டு லிஃப்ட்டும் ஒரு வசனமும் இருக்கின்றன. முதல் ஸ்விங் அதை முழுதாக எடுக்கட்டும். டி-க்கு முதல் அங்கத்தில் வேலை அதிகம், எஃப்-க்கு இரண்டாம் அங்கத்தில் பெஞ்சு. இரண்டாவது ஸ்விங் முதல் அங்கம் டி, இரண்டாம் அங்கம் எஃப். இப்படிப் பிரித்தால் மீதமிருப்பது கொஞ்சம்தான். நடுவில் வரும் ஜோடி நடனத்தில் ஒரு ஆண் குறைவார். பெண்ணைத் தனியாக ஆட விடாதீர்கள். அந்த ஜோடியை முழுதாக எடுத்துவிட்டு ஐந்து ஜோடிகளாக்குங்கள். ஆறில் ஒன்றை அப்படியே உருவினால் லெஃப்ட் 4-இல் ஒரு பொக்கை தெரியும். நடு ஜோடியைப் பூஜ்யத்தில் நிறுத்தி, மற்ற நான்கையும் 6-லும் 12-லும் இருபுறமும் விரித்தால் ஐந்துதான் முதலிலிருந்தே இருந்தது போல் தெரியும்.

முடிவு செய்தது உங்கள் தலையில் மட்டும் இருந்தால் பயனில்லை. ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஸ்டேஜ் மேனேஜர், உடைப் பிரிவு, விக், மைக், ப்ராப்ஸ், கண்டக்டர் எல்லாருக்கும் போக வேண்டும். இரண்டாவது ஸ்விங் இடைவேளையில் டி-யின் உடையிலிருந்து எஃப்-இன் உடைக்கு மாறுகிறார் என்பதை உடைப் பிரிவு அறியாவிட்டால் நீங்கள் போட்ட கணக்கெல்லாம் அங்கேயே நின்றுவிடும். கடைசியாக, வழக்கத்துக்கு மாறாக நகர வேண்டிய ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் போதும்: “ஜோடி நடனத்தில் இன்று நீங்கள் லெஃப்ட் 6.” அவர் அதைத் திருப்பிச் சொல்லும் வரை நகராதீர்கள்.

புது ஆள் சேரும்போது

பொதுவாக இரண்டு வாரம் கிடைக்கும். முதல் சில நாள் அறையில் நீங்களும் அவரும் ஒரு பியானோவும். கண்ணாடிக்கு முன் சொல்லிக் கொடுத்தாலும் முதுகைக் காட்டி நின்று ஆடிக் காட்டுங்கள். எதிரே நின்றால் இடது வலது குழம்பும். காலையில் ஸ்டெப், பிற்பகலில் மேடை எண்கள் என்று பிரியுங்கள். மாலையில் அவர் காட்சியைப் பார்வையாளர் பக்கமிருந்து பார்க்கட்டும். அடுத்த சில காட்சிகளில் திரைக்குப் பின்னால், தான் எடுக்கப்போகும் ஆளின் முதுகைத் தொடர்ந்து நடக்கட்டும். எந்தக் கதவு, எந்த மேசை, எங்கே குனிய வேண்டும் என்பதைச் சொல்லித் தர முடியாது.

இறுதியில் புட்-இன் ஒத்திகை. முழுக் குழுவும் சாதாரண உடையில், புதியவர் மட்டும் முழு வேஷத்தில். இந்த ஒத்திகையை நிறுத்தி நிறுத்தி நடத்தாதீர்கள். உடையோடு, மைக்கோடு, தடையில்லாமல் ஓடிப் பார்ப்பதற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது. லிஃப்ட்டுகளை மட்டும் முன்பே தனியாக முடித்துவிடுங்கள். முதல் காட்சி முடிந்ததும் திருத்தங்களை அன்று இரவு தர வேண்டாம். மறுநாள் வரும்போது இரண்டே இரண்டு.

கோப்பு உங்களுடைய தனிச்சொத்து அல்ல. ஒரு பிரதி ஸ்டேஜ் மேனேஜர் அறையிலும் ஒன்று நடன இயக்குநரிடமும் இருக்க வேண்டும். அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: அந்தப் பாட்டை ஆடியறியாத ஸ்விங் ஒருவரிடம் ஐந்து பக்கத்தைக் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல், காலி மேடையில் நடந்து காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.